ஜாம் சாஹிப் திக்விஜயசிங்ஜி: யுத்தக் குழந்தைகளின் தந்தை

மரக்காணத்து உப்பளங்களைக் கண்டவர்க்கு அவ்வூரின் பழமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இதுவே என்பது அறிஞர் பலரின் கொள்கை. பசியால் வாடி வழிநடந்து வந்த பாணர்க்கு ஓய்மாநாட்டு மன்னன் நல்லியக்கோடன் தன் வாயிலை அடையாது வைத்திருந்தான் என்பதே அந்நூல் பேசும் பெருமை. வந்தவன் எந்நாட்டான், எத்தனை நாள் தங்குவான், எப்போது திரும்புவான் என்ற வினாக்களுக்கு அவ்வாயிலில் இடமில்லை. பசித்தவன் என்பதொன்றே உள்ளே புகுதற்குரிய தகுதியாயிருந்தது.

அதே கடற்கரையில், மரக்காணத்திலிருந்து புதுவைக்குச் செல்லும் சாலையில், ஐயனார் கோயிலால் பெயர் பெற்ற கீழ்ப்புத்துப்பட்டு என்னும் ஊர் இருக்கிறது. இலங்கையின் யுத்தத்திற்குத் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்களின் முகாம் ஒன்று அங்கே உண்டு. 1983-ஆம் ஆண்டு முதல் அலையலையாக நம் கரையை நாடி வந்தவர்களில் அவர்களும் ஒரு பகுதியினர். அந்நாளில் தாயின் இடுப்பில் வந்திறங்கிய குழந்தைகள் இன்று நரை கண்டுவிட்டனர். அவர்களுடைய மக்களும், மக்களின் மக்களும் இம்மண்ணிலே பிறந்து, இம்மண்ணின் பள்ளிகளிலே படித்தவர்கள். ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்களிற் பெரும்பாலோர் இன்றும் அந்நியரே.

இம்முகாமை நினைக்குந்தோறும் வேறொரு முகாம் நம் நினைவுக்கு வருகிறது. அதுவும் உப்பு விளையும் கடற்கரையில் அமைந்தது. அதுவும் யுத்தத்தால் வீடிழந்த குழந்தைகளுக்காக எழுந்தது. ஆனால் அங்கே வந்தவர்கள் நம் மொழி பேசுவோரல்லர், நம் நிறத்தினருமல்லர். கத்தியவார் நாட்டின் நவாநகர சமஸ்தானத்தில், பாலாசடி என்னும் கடலோர ஊரில், 1942-ஆம் ஆண்டில் அம்முகாமை அமைத்தவர் ஜாம் சாஹிப் திக்விஜயசிங்ஜி. தேசாபிமானிகளாகிய நாம் அவரைப் புகழ்ந்து பேசிப் பழகியவர்களல்லோம். எனினும் அவருடைய சரித்திரத்தில் நாம் கற்கவேண்டிய பாடம் ஒன்று உள்ளமையால் அதனை இங்கே கூறத் துணிந்தோம்.

திக்விஜயசிங்ஜி 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் தேதி பிறந்தார். கிரிக்கெட் ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ரஞ்சித்சிங்ஜி அவருடைய தந்தையின் உடன்பிறந்தவர். அவ்விருவர் வாழ்க்கையிலும் தத்து என்னும் முறை பெரிய பங்கு கொண்டிருந்தது. நவாநகரத்தை ஆண்ட விபாஜி, ரஞ்சியைச் சிறுவயதில் தமக்கு வாரிசாக ஸ்வீகரித்தார். பிறகு தமக்கே ஒரு மைந்தன் பிறக்கவும் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார். உரிமை தந்து பின் பறிக்கப்பட்ட அச்சிறுவன் இங்கிலாந்து சென்று படித்து, மட்டையும் பந்துமாக அந்நாட்டாரை வியக்கச் செய்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 1907-ல்தான் நவாநகரத்துச் சிம்மாசனம் ஏறினார். அவர் மணம் புரியாதவர். தம் சகோதரர் மகனாகிய திக்விஜயசிங்ஜியைத் தத்தெடுத்துத் தமக்குப் பின் ஆள்பவராக்கினார். ஒரு குழந்தைக்கு யார் தந்தை என்று சட்டத்தின் ஏடு சொல்கிறதோ, அதைப் பொறுத்து அக்குழந்தையின் வாழ்வே மாறிவிடும் என்பதை அக்குடும்பம் தன் அநுபவத்தாலேயே அறிந்திருந்தது.

ராஜ்கோட்டிலிருந்த ராஜகுமாரர் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் மால்வர்ன் பள்ளியிலும், லண்டன் யூனிவர்ஸிடி கல்லூரியிலும் திக்விஜயசிங்ஜி கல்வி பயின்றார். 1919-ல் இராணுவ உத்தியோகம் ஏற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள் போர்வீரராயிருந்தார். இதே காலத்தில் ரஞ்சி, ஜினீவா நகரில் சர்வதேச சங்கத்தில் இந்தியப் பிரதிநிதியாக அமர்ந்ததுண்டு. போலந்து தேசத்துச் சங்கீத மேதையும் முன்னாள் பிரதம மந்திரியுமான பாதரவ்ஸ்கி, ரஞ்சிக்கு நண்பராயிருந்தார் என்றும், அந்நட்பின் வழியாகவே திக்விஜயசிங்ஜிக்குப் போலந்தின்மீது பற்று உண்டாயிற்றென்றும் கூறுவர். அந்த ஜினீவா நகரிலேதான், முதல் மகாயுத்தத்தில் பட்டினி கிடந்த பகைநாட்டுக் குழந்தைகளுக்காகப் பரிந்து பேசித் தம் நாட்டின் நீதிமன்றத்தில் அபராதம் செலுத்திய எக்லண்டைன் ஜெப் என்னும் ஆங்கில மாது, குழந்தைகளின் உரிமைகளை ஐந்து வாசகங்களில் வரைந்தார். அதனைச் சர்வதேச சங்கம் 1924-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. ஆபத்து வந்த காலத்தில் முதலிற் காக்கப்பட வேண்டியது குழந்தையே என்பது அவற்றுள் ஒன்றின் சாரம். சொல்வது எளிது, அடுத்த மகாயுத்தம் வந்தபோது அதைச் செய்து காட்டியவர் மிகச் சிலரே.

1933 ஏப்ரலில் ரஞ்சி காலமானார். திக்விஜயசிங்ஜி நவாநகரத்தின் ஜாம் சாஹிபானார். 1937 முதல் சில ஆண்டுகள் சமஸ்தானாதிபதிகள் மன்றத்திற்குத் தலைவராகவும் விளங்கினார். இக்காலத்தில் அவருக்கும் நம் தேசிய இயக்கத்திற்கும் இருந்த தூரத்தை மறைப்பது நேர்மையாகாது. சமஸ்தானப் பிரஜைகளுக்குப் பொறுப்பாட்சி வேண்டுமென்ற கிளர்ச்சி கத்தியவாரில் மூண்டெழுந்தது அப்போதுதான். 1939 மார்ச்சில் ராஜ்கோட்டில் மகாத்மா காந்தி உண்ணாவிரதமிருந்ததை யாரே மறப்பர்? 1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் காங்கிரஸ் தலைவர்களும் சிறை புகுந்த காலத்தில், ஜாம் சாஹிப், நம் சர் ஏ. ராமசாமி முதலியாரோடு சேர்ந்து, பிரிட்டிஷ் யுத்த மந்திரிசபையில் இந்தியாவின் பிரதிநிதியாக நியமனம் பெற்றிருந்தார். தேசம் தேர்ந்தெடுத்த பிரதிநிதி அல்லர் அவர். அந்நிய சர்க்கார் தேர்ந்தெடுத்தவர். இவ்வளவையும் மனத்திற் கொண்டே அவர் செய்த நற்செயலை நாம் எடை போடுகிறோம். எதிர்த்தரப்பினரிடம் காணும் தர்மத்தை ஒப்புக்கொள்ளாத தேசபக்தி, கட்சி அபிமானமேயன்றி வேறல்ல.

இனிப் போலந்தின் கதையைச் சுருங்கக் கூறுவோம். 1939 செப்டம்பர் 1-ஆம் தேதி மேற்கிலிருந்து ஜெர்மனியும், 17-ஆம் தேதி கிழக்கிலிருந்து ருஷியாவும் அந்நாட்டினுள் புகுந்து அதைப் பங்கிட்டுக் கொண்டன. 1940 பிப்ரவரியில், கடுங்குளிரில், கிழக்குப் போலந்தின் குடும்பங்களைச் சோவியத் காவலர் நள்ளிரவில் எழுப்பி, ஆடுமாடு ஏற்றும் ரயில் வண்டிகளில் அடைத்து ஸைபீரியாவுக்கும் கஜகஸ்தானத்துக்கும் அனுப்பத் தொடங்கினர். அதே ஆண்டு வசந்த காலத்தில், சிறைப்பட்ட ஆயிரக்கணக்கான போலந்து அதிகாரிகள் கட்டீன் காட்டிலும் பிறவிடங்களிலும் கொல்லப்பட்டனர். தந்தை சுடப்பட்டான், தாய் மரம் வெட்டும் முகாமில் மாண்டாள், எஞ்சியது குழந்தை. 1941 ஜூனில் ஜெர்மனி ருஷியாவின்மேற் பாய்ந்தபின், ஜூலை 30-ஆம் தேதி ஸிகோர்ஸ்கி தலைமையிலான போலந்து சர்க்காருக்கும் ருஷியாவுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. முகாம்களின் கதவுகள் திறந்தன. இலட்சக்கணக்கானோர் தெற்கு நோக்கி, மத்திய ஆசியாவின் வெப்ப நாடுகளை நாடி நடந்தனர். பசியும் விஷஜுரமும் அவர்களை வழியெங்கும் வீழ்த்தின. பெற்ற குழந்தை பிழைத்தாற் போதுமென்று, அதனை அநாதை விடுதியின் வாசலில் விட்டுச் சென்ற தாய்மாரும் உண்டு.

இக்குழந்தைகளுக்கு இடம் தருவார் யார்? உலகம் முழுவதும் போரில் மூழ்கியிருந்தது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் சர்க்காரோ செலவையும் பொறுப்பையும் எண்ணித் தயங்கியது. அப்போது, தம் நாட்டில் இடம் தருவதாக முன்வந்தவர் ஜாம் சாஹிப். பம்பாயிலிருந்த போலந்துத் தூதர் பனஸின்ஸ்கியும், செஞ்சிலுவைப் பணியில் ஈடுபட்டிருந்த அவர் மனைவி கீராவும் லாரிகளைத் திரட்டினர். மருந்தும் துணியும் ஏற்றிக்கொண்டு அஷ்காபாத் சென்ற லாரிகள், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திரும்பின. பாரஸீக எல்லையைக் கடந்து மெஷெத், ஜாகிதான் வழியாகப் பாலைகளையும் மலைகளையும் தாண்டிக் குவெட்டாவை அடைந்து, அங்கிருந்து ரயிலேறி அவர்கள் பம்பாய் சேர்ந்தனர். பாந்திராவில் சில மாதங்கள் தங்கியபின், 1942-ஆம் ஆண்டின் மத்தியில், முதற் கூட்டத்தார் பாலாசடிக்கு வந்தனர். நாளடைவில் அறுநூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே வாழ்ந்தனர்.

பாலாசடி, தலைநகராகிய ஜாம்நகருக்கு வடகிழக்கே, கச்சு வளைகுடாவின் கரையில் உள்ளது. ஜாம் சாஹிபின் கோடை மாளிகை அங்கே இருந்தது. வேறு எங்கேனும் ஒதுக்குப்புறமான நிலத்தைக் கொடுத்திருந்தாலும் தர்மம் செய்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும். அவரோ தம் மாளிகையின் அருகிலேயே ஓடு வேய்ந்த நீண்ட விடுதிகளைக் கட்டுவித்தார். பள்ளியும் வைத்தியசாலையும் விளையாட்டு நிலமும் எழுந்தன. வந்திறங்கிய குழந்தைகள் எலும்புந் தோலுமாயிருந்தார்கள். கிழிந்த ஆடையும் மழித்த தலையுமாக நின்றார்கள். அவர்களை நோக்கி ஜாம் சாஹிப், இனி அவர்கள் அநாதைகளல்லர் என்றும், இன்று முதல் நவாநகரத்தார் என்றும், அந்நாட்டு மக்களனைவர்க்கும் தாம் பாப்புவாயிருப்பது போல் அவர்களுக்கும் பாப்பு என்றும் கூறினார். பாப்பு என்றால் கத்தியவார் மொழியில் தந்தை. அதே கத்தியவாரில் பிறந்த காந்தியடிகளைத் தேசம் அச்சொல்லாலேயே அழைத்தது என்பது நேயர்கள் அறிந்ததே.

அன்பு, பெரிய காரியங்களிலே மட்டும் வெளிப்படுவதன்று. முகாமில் வளர்ந்தவர்கள் முதுமையிலும் நினைவு கூர்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்றுண்டு. சாப்பாட்டில் நாள்தோறும் கீரை இடப்பட்டது. அது குழந்தைகளுக்குச் சற்றும் பிடிக்கவில்லை. அவர்கள் ஒன்றுகூடி உண்ண மறுத்தார்கள். செய்தி மகாராஜாவுக்கு எட்டியது. அன்னமிட்டவர் கோபித்துக்கொள்வார் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவரோ சிரித்து, இனிக் கீரை சமைக்க வேண்டாமென்று உத்தரவிட்டார். அநாதைக்குப் பிடித்தது பிடிக்காதது என்பதில்லை. கொடுத்ததை உண்ண வேண்டியவன் அவன். பெற்றவர் வீட்டுக் குழந்தைக்கே முகஞ்சுளிக்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையை அக்குழந்தைகளுக்குக் கொடுத்ததில்தான் ஜாம் சாஹிபின் உள்ளம் தெரிகிறது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. அவர் அக்குழந்தைகளைத் தம்மவராக்க முயலவில்லை. அவர்களுக்குப் போலந்து மொழியிலேயே பாடம் நடந்தது. போலந்துப் பாதிரியார் பிளூட்டா அம்முகாமை நடத்தினார். தேவாராதனை அவர்கள் மதப்படியே நிகழ்ந்தது. அவர்கள் தேசத்துக் கொடி அங்கே பறந்தது. சாரணர் படையும் நாடகக் குழுவும் இருந்தன. குழந்தைகள் ஆடும் நாடகங்களையும் நாட்டியங்களையும் காண ஜாம் சாஹிப் வந்து அமர்வார். பசித்தவனுக்குச் சோறு போட்டு அவனுடைய மொழியையும் மதத்தையும் விலையாகக் கேட்பவர் உலகில் அநேகர். அவர் அங்ஙனம் கேட்கவில்லை. செலவுக்கு மற்றச் சமஸ்தானாதிபதிகள் பலரும் பணம் உதவினர். 1943-ல் கோல்ஹாப்பூர் சமஸ்தானத்தில் வளிவடே என்னுமிடத்தில் இதனினும் பெரிய முகாமொன்று ஏற்பட்டு, ஏறக்குறைய 5,000 போலந்து அகதிகளுக்கு இடம் தந்தது.

இங்கே நேயர் சிலர் ஒரு வினா எழுப்பக்கூடும். அதே 1942-ல் பர்மாவிலிருந்து இலட்சக்கணக்கான இந்தியர், அவர்களுள் தமிழர் எத்தனையோ பேர், காட்டிலும் மலையிலும் கால்நடையாக வந்து வழியிலே மாண்டார்களே. 1943-ல் வங்காளத்துக் குழந்தைகள் கல்கத்தாவின் வீதிகளிலே பட்டினியால் மடிந்தார்களே. அவர்களுக்கு யார் மாளிகை திறந்தார்கள் என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் பஞ்சம் யுத்தத்தின் குழந்தை. அதற்குப் பொறுப்பான சர்க்காரைச் சரித்திரம் மன்னிக்காது. ஆனால் வங்காளக் குழந்தையைக் காவாத குற்றம், போலந்துக் குழந்தையைக் காத்த மனிதரின் தலையில் ஏறாது. ஒரு குழந்தையைக் காத்தவரைப் பார்த்து மற்றொரு குழந்தையை ஏன் காக்கவில்லையென்று குறை கூறுவதினும், அவர் செய்தது போல் எல்லோரும் ஏன் செய்யவில்லையென்று கேட்பதே முறை.

ஜாம் சாஹிப் செய்தவற்றுள் தலைசிறந்தது, உணவிட்டதுமன்று, உறைவிடம் தந்ததுமன்று. யுத்தம் முடிந்தபின் வந்த சோதனையில் அவர் செய்ததே அது. 1945-ல் போலந்து, ருஷியாவின் செல்வாக்கினுள் விழுந்தது. லண்டனிலிருந்த பழைய போலந்து சர்க்காருக்குத் தந்திருந்த அங்கீகாரத்தை அவ்வாண்டு ஜூலையில் பிரிட்டனும் அமெரிக்காவும் விலக்கிக்கொண்டன. அக்குழந்தைகளுக்குப் பொறுப்பு ஏற்றிருந்த சர்க்காரே சட்டத்தின் பார்வையில் இல்லாதொழிந்தது. வார்ஸாவில் அமைந்த புதிய சர்க்காரின் சார்பில், அநாதைகளைத் தாயகம் திருப்ப வேண்டுமென்ற கோரிக்கை எழுந்தது. எந்த அதிகாரம் அவர்களுடைய பெற்றோரை ஸைபீரியாவுக்கு ஓட்டிற்றோ அதன் நிழலுக்கே அக்குழந்தைகள் போகவேண்டிய நிலைமை. கேட்பாரற்ற பிள்ளையை எவரும் எங்கும் அனுப்பலாம். தந்தையுள்ள பிள்ளையை அவ்வாறு அனுப்ப இயலாது. ஆகவே ஜாம் சாஹிபும், பாதிரியார் பிளூட்டாவும், முகாமின் விவகாரங்களைக் கவனித்த பிரிட்டிஷ் அதிகாரி கிளார்க்கும் ஒன்றுசேர்ந்து அவர்களைச் சட்டப்படி தத்தெடுத்தனர்.

அந்நாளைய இந்து தர்ம சாஸ்திரம், மகனில்லாதவன் பிதிர்க் கடனுக்காக ஒரு மகனைத் தத்தெடுப்பதையே அறியும். அந்நிய மதத்துக் குழந்தைகளை, ஆணும் பெண்ணுமாக நூற்றுக்கணக்கில், மூவர் கூடித் தத்தெடுப்பதற்கு மிதாட்சரத்தில் இடமில்லை; அதற்கு முன் தீர்ப்பும் கிடையாது. கோர்ட்டில் நின்று வாதிப்பவர் அப்பத்திரத்தில் நூறு குற்றம் காணலாம். ஆனால் சட்டம் எதற்காக ஏற்பட்டது? திக்கற்றவனுக்குத் திக்கு உண்டாக்கவேயன்றோ? சட்டத்தின் எழுத்தைக் காட்டிக் கைவிரிப்பவர் எங்குமுளர். குழந்தையை முன்னே நிறுத்தி அதற்கேற்ற சட்ட வழியைத் தேடிக் கண்டவர் ஜாம் சாஹிப். குழந்தைக்குக் கருணை போதாது, அந்தஸ்து வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். கருணை, கொடுப்பவன் மனம் மாறினால் மாறும். சட்டத்தின் ஏட்டிலேறிய அந்தஸ்து அவ்வளவு எளிதில் மாறுவதன்று. தத்துரிமை தந்து பறிக்கப்பட்டவர் ரஞ்சி. அந்த ரஞ்சியின் தத்துப் புத்திரர்க்கு இது தெரிந்திருந்ததில் வியப்பில்லை.

1946-ல் பாலாசடி முகாம் கலைந்து, குழந்தைகள் வளிவடேக்குச் சென்றனர். அடுத்த இரண்டொரு ஆண்டுகளில் அங்கிருந்து இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளுக்குப் பிரிந்து போயினர்; உற்றார் உயிரோடிருப்பதை அறிந்தவர் போலந்துக்கே திரும்பினர். இந்தியா சுதந்திரமடைந்தபோது நவாநகரம் நம் தேசத்துடன் இணைந்தது. 1948 பிப்ரவரியில் சர்தார் படேலின் முயற்சியால் கத்தியவார்ச் சமஸ்தானங்கள் ஒன்றாகிச் சௌராஷ்டிரம் என்னும் இராஜ்யம் உதயமாயிற்று. அதன் முதல் ராஜப்பிரமுகராக ஜாம் சாஹிப் 1956 வரை விளங்கினார். சோமநாதர் கோயிலைப் புதுக்கும் பணியில் படேலுக்குத் துணை நின்றார். ஐக்கிய நாட்டு சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவிலும் இடம் பெற்றார். 1966 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார்.

போலந்தின் பிரதமர் ஸிகோர்ஸ்கி, இவ்வுதவிக்குக் கைம்மாறு என்ன செய்வதென்று வினவியதாகவும், சுதந்திரப் போலந்தில் ஒரு வீதிக்குத் தம் பெயரிட்டாற் போதும் என்று ஜாம் சாஹிப் விடையிறுத்ததாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. போலந்து மெய்யான விடுதலை பெற்றபின் அக்கடன் தீர்ந்தது. வார்ஸாவில் நல்ல மகாராஜா என்னும் பெயரால் ஒரு சதுக்கம் இருக்கிறது. அங்கே அவர் நினைவுக்கு ஒரு சின்னம் நிற்கிறது. பள்ளியொன்று அவரைத் தன் புரவலராக ஏற்றிருக்கிறது. பாலாசடியில் முகாம் இருந்த இடத்தில் இன்று சைனிக் பள்ளி நடக்கிறது. அங்கே வளர்ந்த குழந்தைகள் கிழவராகிக் கடல் கடந்து வந்து அம்மண்ணை வணங்கிச் சென்றார்கள்.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். 1924-க்குப் பின் சர்வதேச சட்டம் நெடுந்தூரம் வளர்ந்துவிட்டது. 1989-ல் ஐக்கிய நாட்டு சபை குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஏற்றது. இந்தியா 1992-ல் அதற்குக் கட்டுப்பட்டது. பதினைந்து வயது நிரம்பாதவரைப் படையில் சேர்க்கலாகாது, யுத்தத்திலே குழந்தைகளைப் பாதுகாக்க வேண்டும், அகதிக் குழந்தைக்கு ஆதரவு தரவேண்டும், எந்தக் குழந்தையும் நாடற்றதாய் விடப்படலாகாது என்பனவெல்லாம் அதில் உண்டு. 2000-ல் வந்த இணைப்பு உடன்படிக்கை, நேரடிப் போருக்குரிய வயதைப் பதினெட்டாக உயர்த்திற்று. அதனையும் இந்தியா 2005-ல் ஏற்றது. இவ்வுடன்படிக்கைகள் எழுந்த காலத்திலேதான் இலங்கையில் அவையனைத்தும் மீறப்பட்டன. 1995 செப்டம்பர் 22-ஆம் தேதி யாழ்ப்பாணத்து நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்தின்மீது விமானம் குண்டு பொழிந்து மாணவரைக் கொன்றது. விடுதலைப் புலிகளும் அவர்களிலிருந்து பிரிந்தோரும் சிறுவரைப் படையிற் சேர்த்ததை ஐக்கிய நாட்டு சபையின் அறிக்கைகள் கண்டித்தன. தமிழன் என்னும் அபிமானத்தால் ஒரு பாதியைச் சொல்லி மறுபாதியை மறைத்தோமானால், நாம் குழந்தையின் பக்கம் நிற்பவராகோம்.

அந்த யுத்தத்திலிருந்து தப்பிவந்த குழந்தைகளுக்கு நாம் என்ன செய்தோம்? அரிசி கொடுத்தோம், பள்ளியிற் சேர்த்தோம், மாதாந்தர உதவி தந்தோம். இவை சிறியனவல்ல. 2021-ல் தமிழ்நாடு சர்க்கார், அகதி என்ற சொல்லை நீக்கி மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டுப் புதிய வீடுகளும் கட்ட முற்பட்டது. அப்போது 108 முகாம்களில் 58,000-க்கும் மேற்பட்டோர் இருந்தனர். ஆயினும் பாலாசடி மன்னர் கொடுத்ததை நாம் கொடுக்கவில்லை. 1987 ஜூலை 1-ஆம் தேதிக்கு முன் இந்நாட்டிற் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜையென்பது நம் குடியுரிமைச் சட்டம். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராயிருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகோ விதி இன்னும் இறுகிவிட்டது. 2019-ல் வந்த திருத்தம், பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த சில மதத்தினர்க்குக் கதவைத் திறந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்க்குத் திறக்கவில்லை. 1986-ல் மண்டபம் முகாமிற் பிறந்த ஒரு பெண், 2022-ல் மதுரையிலிருக்கும் உயர்நீதிமன்றக் கிளையை நாடித்தான் தாம் இந்தியர் என்பதை நிலைநாட்ட வேண்டியிருந்தது. இரண்டாண்டு பிந்திப் பிறந்திருந்தால் அவ்வாயிலும் அடைபட்டிருக்கும். குழந்தை தான் பிறக்கும் தேதியைத் தேர்ந்தெடுப்பதில்லை.

இவர்கட்குக் குடியுரிமை தந்தால் ஈழத்தில் அவர்களுக்குள்ள உரிமை கெடுமே என்பார் உளர். திரும்பிப் போக நினைப்பவர் போகட்டுமே என்பாரும் உளர். பாலாசடியே இவ்விருவர்க்கும் விடை. தத்தெடுக்கப்பட்ட அக்குழந்தைகள் போலந்தியராகவே இருந்தனர். அவர்கள் மொழியும் மதமும் தேசநினைவும் குன்றவில்லை. விரும்பிய நாட்டுக்குப் போகும் வழியும் அவர்களுக்கு அடைபடவில்லை. அந்தஸ்து மனிதனைக் கட்டிப் போடுவதன்று. அவனை எவரும் துரத்தாதபடி காப்பது. திரும்ப விரும்புவோர் தலைநிமிர்ந்து திரும்பட்டும். தங்க விரும்புவோர் தலைநிமிர்ந்து தங்கட்டும். இரண்டையும் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுடையதாயிருக்க வேண்டும்.

பிரிட்டிஷாரின் நண்பர், முடிமன்னர், நம் இயக்கத்திற்கு அயலார் என்று நாம் எண்ணிய ஒருவர், தாம் முன்பின் அறியாத தேசத்துக் குழந்தைகளுக்குச் சட்டத்தை வளைத்தேனும் தந்தையானார். அவரை எதிர்த்து நாம் அமைத்த குடியரசு, நம் மொழியையே பேசும் குழந்தைகளை நாற்பது ஆண்டுகளாக வாயிற்படியில் நிறுத்தி வைத்திருக்கிறது. ஜனநாயகம் முடியாட்சியினும் உயர்ந்ததென்று நாவால் நிலைநாட்டினோம். செயலால் நிலைநாட்டும் கடமை இன்னும் நம்மீது நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்லிமெண்டுக்குச் செல்லும் ஒவ்வோர் அங்கத்தினரும், எக்கட்சியினராயினும், முகாம்களிற் பிறந்த குழந்தைகளுக்குக் குடியுரிமை கோரும் திருத்தத்தைக் கையிலேந்திச் செல்ல வேண்டும். அவர்களை அவ்வாறு அனுப்புவது வோட்டளிக்கும் நமது பொறுப்பு. நல்லியக்கோடன் வாயில் அடையாதிருந்த நாடு இது. கீழ்ப்புத்துப்பட்டில் இன்று பள்ளி விட்டு வீடு திரும்பும் ஒரு சிறுமி, தான் எந்நாட்டுப் பிரஜையென்று ஆசிரியர் கேட்டால் விடை சொல்லத் தெரியாமல் நிற்கிறாள். அந்த விடையை அவளுக்குத் தருவதே ஜாம் சாஹிபுக்கு நாம் செய்யும் உண்மையான நினைவஞ்சலியாகும்.